தலைவர் மேல் புகார் கிளம்பிவிட்டது: மௌனமா, மறுப்பா, முழு உண்மையா?

கேள்வி இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு சமூகச் சங்கத் தலைவருக்குப் பத்திரிகைச் செயலாளராக இருக்கும் இளைஞர் எழுதுகிறார்: கட்டட நிதியிலிருந்து எடுத்த பணத்துக்குக் கணக்கு எங்கே என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றுகிறது, நிருபர்கள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், தலைவரோ "தம்பி, அதெல்லாம் பொய்னு நாலு வரி எழுதிப் போட்டுடு" என்கிறார். இன்னொன்று பட்டர்வொர்த் பக்கமிருந்து. எழுதியவர் தலைவரே. அவர் காலத்தில் ஒரு குத்தகை அவருடைய உறவினருக்குப் போயிருக்கிறது, வேலை ஒழுங்காக நடந்தது, ஆனால் உறவை அவர் கமிட்டியில் சொல்லவில்லை. இப்போது பாதிப்பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த நிலையில் கையில் இருக்கும் வழிகள் ஐந்துதான், ஆறாவதாகப் பத்திரிகைச் செயலாளருக்கு மட்டும் ஒரு வழி உண்டு. எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது, ஆனால் எது மோசம் என்று சொல்ல முடியும், அதைச் சொல்லத்தான் போகிறேன்.

உதாரணங்களைப் பெரும்பாலும் வாஷிங்டனிலிருந்து எடுத்திருக்கிறேன். நம் ஊர்ச் சங்கங்களில் உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது கடைசிவரை வெளியே வராது. வெள்ளை மாளிகையில் நடந்தது ஒலிநாடா, சாட்சியம், நீதிமன்ற ஆவணம் என்று வெளியே வந்துவிட்டது. அதனால் மேடையில் சொன்னதையும் அறைக்குள் தெரிந்திருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஆதாரம் யார் கையில்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 1972 ஜூன் 17 விடியற்காலையில் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் அலுவலகத்தை உடைத்து நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டபோது, அதிபர் நிக்சனின் ஆட்களுக்கு அது மூடிவிடக்கூடிய சங்கதியாகத்தான் தெரிந்தது. ஆனால் பிடிபட்டவர்களின் முகவரிப் புத்தகத்தில் வெள்ளை மாளிகையோடு தொடர்புள்ள ஹோவர்ட் ஹண்ட்டின் பெயர் இருந்தது. அவர்களிடம் அடுத்தடுத்த தொடர் எண்கள் கொண்ட நூறு டாலர் நோட்டுகள் இருந்தன. நிக்சனின் தேர்தல் நிதிக்கு வந்த 25,000 டாலர் காசோலை அவர்களில் ஒருவரின் வங்கிக் கணக்கில் போய் விழுந்திருந்தது. ஆக, போலீஸ், வங்கி, எஃப்.பி.ஐ. மூன்று பேரிடமும் ஆளுக்கொரு துண்டு இருந்தது, அதிபர் மாளிகை அறிக்கை எழுதிக்கொண்டிருந்தது.

சங்கத்துக்கும் அதே கதைதான். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்: காசோலையில் கையெழுத்துப் போட்டவர்கள், இப்போதைய பொருளாளர், சண்டை போட்டுக்கொண்டு போன முன்னாள் பொருளாளர், கணக்காய்வாளர், வங்கி, பணம் வாங்கிய சப்ளையர், அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் பிள்ளை. இதோடு ஆர்.ஓ.எஸ்., அதாவது சங்கப் பதிவிலாகா, இருக்கிறது. 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஏ.ஜி.எம். (ஆண்டுப் பொதுக்கூட்டம்) முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அங்கே போயாக வேண்டும். போன வருடம் அனுப்பியதும் இந்த வருடம் நீங்கள் சொல்வதும் ஒத்துப்போகுமா? பட்டியலில் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரே ஒரு பெயர் இருந்தாலும், விஷயம் வெளியே வரும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

அறிக்கை எழுதுபவருக்கு எவ்வளவு தெரியும்? எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்ல அனுமதி இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பாதி தெரிந்துகொண்டு பேசுகிறவர்தான் அடி வாங்குகிறார்.

அடுத்த தேதி எது? ஏ.ஜி.எம்., தேர்தல், திருவிழா, மானியம் வரும் நாள். இதற்குள் முடிக்க முடியுமா என்பது வழியை மாற்றும்.

சட்டம் எங்கே நிற்கிறது? இதை நம் ஆட்கள் கவனிப்பதில்லை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்கீழ் பாதுகாக்கப்படுகிறது. பத்திரிகைச் செயலாளரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தே தாரிக் குடித்துக்கொண்டே அண்ணன் மனம் திறந்து சொன்னதையெல்லாம், நாளைக்கு ஊழல் தடுப்பு ஆணையமான எம்.ஏ.சி.சி. கூப்பிட்டு வாக்குமூலம் கேட்டால், தம்பி சொல்லத்தான் வேண்டும். தலைவர்களும் தம்பிகளும் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருக்கு வலிக்கும்? நன்கொடை கொடுத்த ஓய்வூதியக்காரர், அந்தக் கட்டடத்தில் டியூஷன் படிக்கும் பிள்ளைகள், உண்டியல் தூக்கிய இளைஞர் பிரிவு. தலைவரின் பெயரை மட்டும் காப்பாற்றும் வழி எல்லா நேரமும் இவர்களைக் காப்பாற்றாது.

அவசரமாக இருப்பவர்களுக்கு ஒரு பட்டியல். ஆனால் கீழே படித்துவிட்டு முடிவெடுங்கள்.

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| மௌனம் | விசாரணை நடக்கிறது, அல்லது உண்மையே இன்னும் தெரியவில்லை | நாள் குறிக்காவிட்டால் மற்றவர்கள் கதை எழுதுவார்கள் |
| அடியோடு மறுப்பு | புகார் பொய், கையில் காகிதம் இருக்கிறது | ஒரு வரி தவறினாலும் மொத்தப் பெயரும் போகும் |
| தவணை முறையில் சொல்வது | எப்போதுமே பொருந்தாது | ஒவ்வொரு தவணையும் புதுச் செய்தி |
| முழுதும் சொல்வது | ஆதாரம் பலர் கையில், சரிசெய்யக்கூடிய தவறு | பதவி போகலாம், சொன்னதே சாட்சியமாகலாம் |
| வெளியார் விசாரணை | உறுப்பினர்கள் தலைவரை நம்பும் நிலையில் இல்லை | பணம், நேரம், வேறு விஷயங்களும் வெளிவரும் |

## மௌனம்

மௌனம் என்றாலே கோழைத்தனம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். சரியாகச் செய்தால் அது நாணயமான வழி.

1998 ஜனவரி 21 அன்று அதிபர் கிளிண்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணியில் இருந்த லுவின்ஸ்கிக்கும் இடையிலான விவகாரம் பத்திரிகையில் வெடித்தபோது, பத்திரிகைச் செயலாளர் மைக் மெக்கரி ஒரு முடிவு எடுத்தார். அதிபரிடம் போய் "உண்மையில் என்ன நடந்தது" என்று கேட்கவே இல்லை. கேட்டால் தானும் சாட்சியாக்கப்படுவார் என்பது அவருக்குத் தெரியும். நிருபர்கள் நாள்தோறும் குடைந்தார்கள், வழக்கறிஞர்களைக் கேளுங்கள் என்று சொல்லியே மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார், அந்த அக்டோபரில் பெயர் கெடாமல் பதவியை விட்டுப் போனார். அதிபர்தான் ஜனவரி 26ஆம் தேதி கேமராவுக்கு முன்னால் மறுத்தார், ஆகஸ்ட் 17இல் தகாத உறவு இருந்ததை நாட்டின்முன் ஒப்புக்கொண்டார்.

இதைக் காட்டி "கிளிண்டன் மறுத்துத்தானே தப்பித்தார்" என்று என்னிடம் வாதம் செய்தவர்கள் உண்டு. 1999 பிப்ரவரியில் பதவி நீக்க விசாரணையில் செனட் அவரை விடுவித்தது உண்மைதான். ஆனால் பிரதிநிதிகள் சபை அவர்மேல் நிறைவேற்றிய குற்றச்சாட்டுகளைப் பாருங்கள்: பொய்ச் சாட்சியம், நீதிக்கு இடையூறு. உறவு அதில் குற்றச்சாட்டாக இல்லை. அதைப் பற்றிப் பேசிய பேச்சுதான் அவரை அந்தக் கூண்டுக்குக் கொண்டுபோனது.

நமக்கு இந்த வழி எப்போது? போலீஸ் புகார் பதிவாகி விசாரணை நடக்கும்போது, வழக்கறிஞர் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது, அல்லது கணக்குப் புத்தகத்தை நீங்களே இன்னும் திறந்து பார்க்காதபோது. ஒரே நிபந்தனை, மௌனத்துக்கு ஒரு தேதி வேண்டும். "புகார் எங்கள் பார்வைக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது, திங்கள் மாலை அறிக்கை வரும்" என்று மூன்று வரி போதும். போனை எடுக்காமல் இருப்பது மௌனம் ஆகாது, அது ஓடுவது. தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுபோன பிறகு நம்மிடம் மிஞ்சியிருக்கும் தமிழ்ச் செய்தியாளர்கள் கொஞ்சம் பேர்தான், மலேசிய நண்பனிலோ மக்கள் ஓசையிலோ வானொலியிலோ இருக்கும் அதே ஆட்களைத்தான் அடுத்த தீபாவளி நிகழ்ச்சிக்கும் அழைக்கப் போகிறீர்கள். போனை எடுத்து, இப்போது சொல்ல முடியாது, திங்கள் கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். திங்கள் கூப்பிடுங்கள்.

## அடியோடு மறுப்பது

புகார் பொய்யாக இருந்தால் மறுக்கத்தான் வேண்டும், மறுக்காமல் விட்டால் ஒரு நல்ல மனிதரின் பெயர் வீணாகப் போகும். பிரச்சினை, உண்மையான புகாரிலும் தலைவர்களின் முதல் ஆசை இதுவாகத்தான் இருக்கிறது.

1960 மே 1 அன்று அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தியது. விமானி இறந்திருப்பார், விமானம் தூளாகியிருக்கும் என்று நம்பி, வானிலை ஆராய்ச்சி விமானம் வழிதவறிவிட்டது என்று ஒரு கதையை நாசா பெயரில் வெளியிட்டார்கள். மே 7 அன்று சோவியத் தலைவர் குருஷ்சேவ், விமானி பவர்ஸ் உயிரோடு எங்களிடம் இருக்கிறார் என்று அறிவித்தார். ஆதாரம் யார் கையில் என்று கேட்காமல் எழுதிய மறுப்பின் ஆயுள் அவ்வளவுதான். அதைவிட எனக்கு வருத்தமாக இருப்பது ஸ்காட் மெக்லெலன் கதை. 2003இல் சி.ஐ.ஏ. அதிகாரி ஒருவரின் பெயர் கசிந்த விவகாரத்தில், அதிபரின் ஆலோசகர் கார்ல் ரோவுக்கும் துணை அதிபரின் தலைமை அலுவலர் லிபிக்கும் சம்பந்தமில்லை என்று அதிபர் புஷ்ஷின் பத்திரிகைச் செயலாளராக அவர் மேடையில் நின்று சொன்னார். அவரிடம் அப்படித்தான் சொல்லப்பட்டது. இருவருக்கும் சம்பந்தம் இருந்தது பிறகு தெரிந்தது. விசாரணையில் பொய் சொன்னதற்காக 2007இல் லிபி குற்றவாளி என்று தீர்ப்பானது. மெக்லெலன் பொய் சொல்ல நினைக்கவே இல்லை. ஆனால் அந்த வரி அவர் வாயிலிருந்துதான் வந்தது, இன்றைக்கும் அவர் பெயரோடுதான் இருக்கிறது.

அதனால் மறுப்பு எழுதச் சொன்னால் பத்திரிகைச் செயலாளர் ஒன்று கேட்க வேண்டும். "அண்ணே, நான் எழுதுறேன், அதுக்கு முன்னால பேங்க் ஸ்டேட்மெண்ட்டை ஒரு தடவை பார்க்கணும்." அண்ணன் உடனே எடுத்துக் கொடுத்தால் புகார் பெரும்பாலும் பொய்தான், அந்த ஸ்டேட்மெண்ட்டையே இணைத்து மறுப்பு போடலாம். கோபப்பட்டால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டால், அந்த மறுப்பில் உங்கள் பெயர் போகக் கூடாது.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அவதூறு வழக்குப் போடுவேன் என்று மிரட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வழக்கு உண்மையிலேயே நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு உங்கள் ஆவணங்களைக் கேட்கும், காட்டித்தான் ஆக வேண்டும். மினிட்ஸ் புத்தகம், காசோலைக் கட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் வரும். காட்டத் தயாராக இல்லாதவர் நோட்டீஸ் அனுப்பக் கூடாது.

## தவணை முறையில் சொல்வது

இங்கேதான் பெரும்பாலோர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இது பார்க்கப் பாதுகாப்பான வழியாகத் தெரியும். பொய் சொல்லவில்லை, எல்லாவற்றையும் கொட்டவும் இல்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறோம். வழக்கறிஞர் தலையாட்டுவார், கமிட்டி தலையாட்டும். வாட்டர்கேட்டில் இதைத்தான் செய்தார்கள். ரான் சீக்லர் நிக்சனின் பத்திரிகைச் செயலாளராக வந்தபோது வயது 29, விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தவர், விசுவாசமானவர். உடைப்பு நடந்த இரண்டாம் நாளே அதை மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று ஒதுக்கினார். பத்து மாதம் கழித்து, 1973 ஏப்ரல் 17 அன்று, முன்பு வெள்ளை மாளிகை சொன்னதெல்லாம் இனி செல்லாது, இப்போது சொல்வதுதான் நிலைப்பாடு என்று நிருபர்கள் முன் அறிவிக்க வேண்டி வந்தது. மே 1 அன்று, அதுவரை தான் தாக்கிவந்த வாஷிங்டன் போஸ்ட்டிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதோடு நின்றதா? அதற்கு முந்திய நாள்தான் நிக்சனின் நெருங்கிய உதவியாளர்கள் ஹால்டிமனும் எர்லிக்மனும் ராஜினாமா செய்தார்கள், வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீன் நீக்கப்பட்டார், இதோடு முடிந்தது என்றார்கள். ஜூலையில், நிக்சன் தன் அறைப் பேச்சுகளைப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இருப்பது தெரிந்தது. நாடாக்களைக் கொடுக்கச் சொன்னால் ஒன்றில் பதினெட்டரை நிமிடம் அழிந்திருந்தது. 1974 ஏப்ரல் கடைசியில் 1,200 பக்கத்துக்கும் மேல் எழுத்து வடிவத்தை, அவர்களே திருத்தி, வெளியிட்டார்கள். எல்லாம் சொல்லியாயிற்று என்று தோன்ற வைக்கத்தான் அத்தனை பக்கம். ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்குச் சுழியம் என்ற கணக்கில் நாடாக்களைக் கொடுக்கச் சொன்னது. உடைப்பு நடந்த ஆறாம் நாள் விசாரணையை முடக்க நிக்சனே ஒப்புக்கொண்ட பேச்சு அதில் இருந்தது. ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார்.

ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரனிடம், வாங்கிய கடன் மாதிரிதான் இது, கட்டிக்கொண்டே இருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். முதல் அறிக்கை ஒரு நாள் செய்தி. அதில் விட்டதை ஒருவர் வெளியிட்டால் "முன்பு மறைத்தது ஏன்" என்று இரண்டாவது நாள் செய்தி, அது முதல் செய்தியைவிடப் பெரியது. மூன்றாவது தவணையில் நீங்கள் உண்மையே சொன்னாலும் உறுப்பினர்கள் நான்காவதுக்குக் காத்திருப்பார்கள். பத்திரிகைச் செயலாளரின் நிலைதான் இதில் ரொம்பப் பரிதாபம், ஒவ்வொரு தவணையையும் இதுதான் கடைசி என்று நம்பி அவர்தான் போய்ச் சொல்கிறார்.

உண்மை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவருகிறது என்றால் அது வேறு. அப்போது முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: 2021, 2022 கணக்குகளைப் பார்த்துவிட்டோம், 2023 இன்னும் பார்க்கவில்லை, இந்தத் தேதிக்குள் பார்த்துச் சொல்கிறோம். தெரிந்ததை வைத்துக்கொண்டு பாதியைத் தருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

## முழுதும் சொல்லிவிடுவது

1961 ஏப்ரலில் கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் அமெரிக்க ஆதரவோடு நடந்த படையெடுப்பு படுதோல்வி. ஏப்ரல் 21 அன்று அதிபர் கென்னடி நிருபர்கள் முன் நின்று, அரசாங்கத்தின் பொறுப்பாளி நான்தான் என்று ஏற்றுக்கொண்டார். அடுத்து வந்த கேலப் கருத்துக் கணிப்பில் அவருக்கு ஆதரவு 83 விழுக்காடு. இதைச் சொல்லி, ஒப்புக்கொண்டால் மக்கள் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள் என்று ஆசை காட்ட மாட்டேன். அது கொள்கைத் தோல்வி, பணம் காணாமல் போன விஷயம் இல்லை.

நமக்குப் பொருத்தமான உதாரணம் அதிபர் ரீகன். ஈரானுக்கு ஆயுதம் விற்ற சங்கதி 1986 நவம்பரில் ஒரு லெபனான் பத்திரிகை வழியாக வெளியே வந்தது. லெபனானில் பிடித்துவைக்கப்பட்ட அமெரிக்கப் பணயக்கைதிகளை மீட்க ஆயுதம் கொடுக்கவில்லை என்று நவம்பர் 13 அன்று நாட்டுக்கு உரையாற்றினார். பிறகு 1987 மார்ச் 4 அன்று மறுபடியும் வந்தார். கொடுக்கவில்லை என்றுதான் என் மனம் இன்னமும் சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் கொடுத்ததாகச் சொல்கின்றன என்ற பொருளில் பேசினார். தாமதம்தான், எல்லாவற்றையும் சொன்னார் என்றும் கூற முடியாது. ஆனாலும் அதிபரே தன் பழைய வாக்கியத்தைத் தன் வாயாலேயே திரும்பப் பெற்றார், பத்திரிகைச் செயலாளரை அனுப்பவில்லை. அவர் பதவிக்காலம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் போனார். சொன்னவர் யாரோ அவரே மாற்றிச் சொல்ல வேண்டும், இந்த இடத்தில் தம்பியை முன்னால் தள்ளுகிற அண்ணன்கள் பெயரையும் இழக்கிறார்கள், தம்பியையும் இழக்கிறார்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பதவி போகலாம். குற்றவியல் விஷயமாக இருந்தால் நீங்கள் சொன்னதே உங்களுக்கு எதிரான சாட்சியமாகும், ஆகவே முதலில் வழக்கறிஞர், பிறகு அறிக்கை. சொல்கிறேன் என்று முடிவெடுத்த பிறகு பழைய காகிதங்களைக் கிழிப்பதோ வாட்ஸ்அப்பை அழிப்பதோ கூடாது, ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம்.

முறை என்று பார்த்தால் வரிசை முக்கியம். கமிட்டிக்கு முதலில், உறுப்பினர்களுக்கு அடுத்து, பத்திரிகைக்குக் கடைசியில், ஆனால் எல்லாம் ஒரே நாளில். உறுப்பினர் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டால் அந்தக் கோபம் ஆறவே ஆறாது. ஒரு பக்கத் தாள், தமிழிலும் மலாயிலும்: எவ்வளவு, எந்தத் தேதி, யார் கையெழுத்து, இதில் எவ்வளவு திரும்பி வந்தது, மீதி எப்போது, யார் சரிபார்ப்பார்கள். எல்லா ஊடகத்துக்கும் ஒரே நேரத்தில். அப்புறம் கேள்வி தீரும்வரை தலைவர் உட்கார்ந்திருக்க வேண்டும், வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று எழுந்து போனால் அந்தப் படம்தான் மறுநாள் வரும்.

## வெளியாரை விசாரிக்க விடுவது

ரீகன் மார்ச் 4 உரைக்கு வந்து சேர்ந்தது ஒரு விசாரணைக் குழு வழியாகத்தான். டவர், மஸ்கி, ஸ்கோகிராஃப்ட் மூவரும் பிப்ரவரி 26 அன்று அறிக்கை கொடுத்தார்கள், மஸ்கி எதிர்க்கட்சிக்காரர். அறிக்கை அதிபரின் நிர்வாக முறையைக் கண்டித்தது. மறுநாளே வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் டொனால்ட் ரீகன் (அதிபர் வேறு, இவர் வேறு) பதவியை விட்டுப் போனார். குழு கண்டித்ததால்தான் அதற்கு மதிப்பு வந்தது.

நிக்சன் இதற்கு நேர்மாறு. 1973 அக்டோபர் 20 இரவு, நாடாவைக் கொடுக்கும்படி கேட்ட வாட்டர்கேட் சிறப்பு வழக்கறிஞர் காக்ஸை நீக்கச் சொன்னார். சட்டத்துறைத் தலைவர் ரிச்சர்ட்சன் மறுத்து விலகினார், அவருக்கு அடுத்தவரும் மறுத்துப் போனார், மூன்றாமவர்தான் நீக்கினார். நிக்சன் மேல் பதவி நீக்கப் பேச்சு வலுத்தது அந்த இரவுக்குப் பிறகு. வெளியூர்க் கதை என்று நினைக்க வேண்டாம், அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பணம் காணாமல் போன விவகாரத்தில் 2015 ஜூலை 28 அன்று, விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, நம் நாட்டில் சட்டத்துறைத் தலைவரும் துணைப் பிரதமரும் ஒரே நாளில் மாற்றப்பட்டதைப் பார்த்தோம். 2016 ஜனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர் குற்றம் ஏதும் இல்லை என்று கோப்பை மூடினார். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது, பணம் அமெரிக்க வங்கிகள் வழியாகவும் போயிருந்தது. 2018 மே 9 தேர்தலில் ஆளும் கூட்டணியான பாரிசான் சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆட்சியை இழந்தது.

எனவே விசாரணை வைப்பதென்றால் மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும். தலைவரால் நீக்க முடியாத ஆள், முடிக்கும் தேதி, முடிவு உறுப்பினர்களுக்கு முழுதாக வெளியிடப்படும் என்ற தீர்மானம். தலைவரின் மச்சான் கணக்காளராக இருந்தாலும் அவர் வேண்டாம். வேறு கணக்காய்வாளர் என்றால் செலவு உண்டு, அதைச் சங்கப் பணத்தில் கொடுப்பதா என்று இன்னொரு சண்டை வரும். தேடாத ஒன்றும் கிடைக்கலாம். விசாரணை நடக்கும் நாள்களில் தலைவர் காசோலையில் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கியிருப்பது நல்லது, பதவி விலக வேண்டியதில்லை.

## தம்பிக்கு மட்டும் ஒரு வழி: விலகுவது

ஃபோர்டு அதிபராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய பத்திரிகைச் செயலாளர் ஜெரால்ட் டெர்ஹோர்ஸ்ட், நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கப்போவது பற்றி நிருபர்கள் விசாரித்தபோது, அப்படி ஒன்றும் இல்லை என்று வழிகாட்டியிருந்தார். உள்ளே இருந்தவர்கள் அவரிடம் அப்படித்தான் சொன்னார்கள். 1974 செப்டம்பர் 8 அன்று மன்னிப்பு அறிவிக்கப்பட்டது, அதே நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். ஃபோர்டு அவருடைய நெடுநாள் நண்பர். சீக்லர் கடைசிவரை நிக்சனோடு இருந்தார், கலிபோர்னியாவுக்கும் கூடவே போனார். விசுவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை, நம்மில் பலருக்குத் தலைவர்தான் படிக்க வைத்திருப்பார், வேலை வாங்கிக் கொடுத்திருப்பார், கல்யாணத்தை முன்னின்று நடத்தியிருப்பார். அந்தக் கடனை வேறு எதிலாவது தீர்க்கலாம். பொய் என்று தெரிந்த அறிக்கையில் பெயரைப் போட்டுத் தீர்க்க முடியாது.

எப்போது விலக வேண்டும்? உங்களுக்குத் தவறான தகவல் கொடுத்து மேடையேற்றியது தெரிந்தவுடன், அதைத் திருத்த அனுமதி கேட்டும் கிடைக்காதபோது. தெரியாமல் தவறியதைத் திருத்த விட்டால் இருக்கலாம். ஒன்று கவனம், 2010ஆம் ஆண்டு தகவல் தெரிவிப்பாளர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் துறையிடம் போய்ச் சொன்னவரைத்தான் காக்கும். கோபத்தில் பேஸ்புக்கில் போட்டாலோ நிருபரிடம் கோப்பைக் கொடுத்தாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை.

## அந்த இரண்டு பேருக்கும்

கோலாலம்பூர்த் தம்பிக்கு: நீங்கள் இன்னும் எந்த அறிக்கையும் போடவில்லை என்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். நாலு வரி மறுப்பு வேண்டாம். இன்றே தேதி குறித்த மூன்று வரியை அனுப்புங்கள், தலைவரிடம் ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். பணம் கட்டட வேலைக்கே போயிருந்தால் ரசீதோடு மறுப்பு, எழுதி முடிக்க அரை நாள் ஆகாது. வேறெங்கோ போயிருந்தால், உங்கள் கடிதத்திலேயே முன்னாள் பொருளாளர் ஒருவர் கோபமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆக ஆதாரம் ஏற்கெனவே வெளியே இருக்கிறது, வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முழுதும் சொல்வதுதான் மிச்சம். ஸ்டேட்மெண்ட்டே காட்டவில்லை என்றால் டெர்ஹோர்ஸ்ட் வழி. போகும்போது சங்கத்தின் பேஸ்புக் பக்கம், மின்னஞ்சல் கடவுச்சொற்களைச் செயலாளரிடம் எழுத்தில் ஒப்படைத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போன பிறகு உங்கள் பெயரில் எதுவும் வெளிவரக் கூடாது.

பட்டர்வொர்த் ஐயாவுக்கு: உங்கள் விஷயத்தில் உறவு இருந்ததை மறுக்கவே முடியாது, ஊரே கல்யாணத்துக்கு வந்திருக்கிறது. மௌனத்துக்கும் அர்த்தமில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து உறவைச் சொல்லுங்கள், மற்ற விலைப்புள்ளிகளையும் மேசையில் வையுங்கள், விலை நியாயமா என்பதை உங்களைப் பிடிக்காத இருவரும் வெளியிலிருந்து ஒரு கணக்காய்வாளரும் சேர்ந்து பார்க்கட்டும், அதுவரை காசோலையில் கையெழுத்து வேண்டாம். உறவினர்களில் வேறு யாருக்காவது ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் அதே கூட்டத்தில், அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினால் நான் மேலே எழுதிய தவணைக் கதை உங்களிடமும் தொடங்கிவிடும்.